முழங்காலுக்குள் நான்கு கயிறுகள்

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வந்த கலியாணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் மண்டபங்களில் மேசை கதிரை போட்டுத்தான் சாப்பாடு. ஆனால் அந்த வீட்டார் பழைய முறையை விடாதவர்கள். பெண்கள் பகுதியில் பாய் விரித்து, சஹன் வைத்து, சஹனுக்கு ஆறு பேராக அமர்த்தினார்கள். சாப்பிடும்வரை ஒரு குறையுமில்லை. சாப்பிட்டு முடித்து எழும்பும்போதுதான் பார்க்க வேண்டும். ஒருவர் மற்றவரின் தோளைப் பிடிக்கிறார். இன்னொருவர் சுவரைத் தேடுகிறார். வேறொருவர் முதலில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பிறகு ஒரு காலை நிறுத்தி, "யா அல்லாஹ்" என்று பெருமூச்சு விட்டுக் கொண்டு எழும்புகிறார். எல்லோரும் ஐம்பதைச் சுற்றியுள்ளவர்கள்தான். கிழவிகள் என்று சொல்லிவிட முடியாது.

எங்கள் சஹனில் இருந்த ராத்தா ஒருவருக்கு ஐம்பத்தாறு வயது. எழும்பி இரண்டு எட்டு வைத்ததும் வலது கால் சட்டென்று மடங்கியது. கை கழுவத் தண்ணீர் கொண்டு வந்த பிள்ளையின் மேல் சாய்ந்து தப்பினார். அவரை ஒரு கதிரையில் இருத்தி, என்ன ஏதென்று கேட்டேன்.

"நோவு பெரிசா இல்ல. இந்தக் கால்தான் சொல்லாமக் கொள்ளாம விட்டுப் போகுது" என்றார்.

எக்ஸ்ரே எடுத்திருக்கிறார், தேய்மானம் என்றார்களாம். பிள்ளைகள் மனம் கேளாமல் காசு செலவழித்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்திருக்கிறார்கள். அதில் லிகமண்ட் பழுதாகி இருப்பதாக எழுதியிருந்தது. அவ்வளவுதான், வீடே கூடி அவரைக் கட்டிலில் இருத்திவிட்டது. மாடிப்படி ஏறக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, குசினிப் பக்கம் வரவே கூடாது. தொழுகையும் கதிரையில். இப்படியே ஐந்து மாதம்.

"அஞ்சு மாசமா என்ட நெத்தி நெலத்துல படல்ல" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. கால் விட்டுப் போவது இருந்த அளவை விடக் கூடிவிட்டது என்பதையும் அவரே சொன்னார். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்கோ வீட்டாருக்கோ தோன்றவில்லை.

அன்று சந்தடிக்குள் அவருக்குச் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். இந்த மாதப் பக்கத்தை அவருக்காகவும், அவரைப் போல் கதிரையில் இருத்தப்பட்டிருக்கும் மற்றச் சகோதரிகளுக்காகவும் எழுதுகிறேன்.

முழங்காலைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது, அது எலும்பை நம்பி நிற்கும் மூட்டு அல்ல என்பது. இடுப்பு மூட்டைப் பாருங்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலை, கிண்ணம் போன்ற குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. இலேசில் கழன்று வராது. முழங்காலில் அப்படி ஒரு கிண்ணமே கிடையாது. மேலே தொடை எலும்பின் இரண்டு குமிழ்கள். கீழே கணைக்கால் எலும்பின் ஏறத்தாழத் தட்டையான மேற்பரப்பு. தட்டில் இரண்டு முட்டையை வைத்தது போல. முட்டை உருளாமலிருக்க ஓரத்தில் அணை கட்டுவது போல, பிறை வடிவான இரண்டு கசியிழையத் தகடுகள் இடையில் இருக்கின்றன. முன்னால் சிரட்டை மூடி போல ஒரு சில்லு. இவ்வளவையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பவை நான்கு கயிறுகளும், சுற்றியுள்ள தசைகளும்தான்.

இந்தக் கயிறுகளைத்தான் டொக்டர்மார் லிகமண்ட் என்கிறார்கள். நாம் பிணைநார் என்று வைத்துக் கொள்வோம். எலும்பை எலும்போடு பிணைப்பது பிணைநார். தசையை எலும்போடு பிணைப்பது வேறு. இரண்டையும் பொதுவாக 'நரம்பு' என்று சொல்லி, 'நரம்பு இழுத்துக் கொண்டது', 'நரம்பு புரண்டு விட்டது' என்று நாம் பேசுகிறோம். உண்மையான நரம்புக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

நான்கில் இரண்டு, மூட்டின் இரு பக்கமும் வெளியே இருக்கின்றன. உட்பக்கத்தில் இருப்பது பட்டி போல அகன்றது, ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளம். வெளிப்பக்கத்தில் இருப்பது சிறு கயிறு போல உருண்டையானது. ஒரு கணுக்காலை மற்ற முழங்காலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, முழங்காலின் வெளிப்பக்கத்தைத் தடவினால் அந்தக் கயிறு விரலில் தட்டுப்படும், செய்து பாருங்கள். முழங்கால் பக்கவாட்டில் விரிந்து போகாமல் காப்பது இவை இரண்டும். மற்ற இரண்டும் மூட்டின் நட்ட நடுவே, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக் கொண்டு நிற்கின்றன. முன் குறுக்குப் பிணைநார், கணைக்கால் எலும்பு முன்னால் வழுக்காமலும் ஒரு பக்கம் முறுகாமலும் பிடிக்கிறது. பின் குறுக்குப் பிணைநார் அது பின்னால் போகாமல் பிடிக்கிறது. முன்னது நம் சுண்டுவிரலில் பாதிதான் வரும். நீளம் 3 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. விளையாட்டு வீரர்கள் அறுத்துக் கொண்டு மைதானத்திலிருந்து தூக்கிச் செல்லப்படுவது பெரும்பாலும் இதைத்தான்.

தும்புக் கயிறு திரிப்பதைக் கண்டவர்களுக்குப் பிணைநாரின் உள்ளமைப்பை விளக்குவது சுலபம். தென்பகுதிக் கரையோரங்களில் தென்னை மட்டையை ஊறவைத்து, அடித்து, தும்பைப் பிரித்துப் பெண்கள் கயிறு திரிப்பார்கள். ஒரு தும்புக்குப் பலமில்லை. நூறு தும்பு ஒரே திசையில் சேர்ந்து முறுக்கினால் மாட்டைக் கட்டலாம். பிணைநாரும் அப்படித்தான். கொலாஜன் என்ற புரதத்தின் மூன்று இழைகள் ஒன்றோடொன்று பின்னி ஒரு நூல். அப்படிப் பல நூல்கள் சேர்ந்து ஒரு நார். பல நார்கள் சேர்ந்து ஒரு கட்டு. பிணைநாரின் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதில் பெரும் பகுதி இந்தக் கொலாஜன்தான்.

இந்த நார்கள் ஓய்வாக இருக்கும்போது நேர்கோடாக இருப்பதில்லை. பெண்பிள்ளை பின்னலை அவிழ்த்த தலைமுடி போல நெளி நெளியாக இருக்கும். இழுவை வரும்போது முதலில் நெளி விரிகிறது. நெளி முழுவதும் விரிந்த பிறகுதான் நார் இறுகி நிற்கிறது. கால் சற்றே தடுமாறினால் சுளுக்காமல் தப்பிக் கொள்வது இந்த நெளிவின் புண்ணியத்தில்தான்.

வயது ஏற ஏற இந்தக் கயிற்றுக்கு என்ன நடக்கிறது? மழையிலும் வெயிலிலும் பத்து வருடம் கிடந்த கொடிக் கயிற்றை நினைத்துக் கொள்ளுங்கள். பார்வைக்கு முழுக் கயிறுதான். கையில் எடுத்தால் விறைப்பாக இருக்கும். மடித்தால் தும்பு தும்பாகக் கொட்டும்.

பிணைநாருக்குள் நார்களைச் செய்து கொடுக்கும் கலங்கள் வயதோடு குறைகின்றன, இருப்பவையும் சுறுசுறுப்பிழக்கின்றன. பழைய நார் போய்ப் புதியது வரும் வேகம் தணிகிறது. ஒரே திசையில் அடுக்கியிருந்த நார்கள் ஒழுங்கு குலைந்து இடைவெளி விடுகின்றன. இடையிடையே கூழ் போன்ற பொருள் சேர்கிறது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார் 23 வயது முதல் 92 வயது வரையானவர்களின் முழங்கால்களைப் பரிசோதித்து 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முன் குறுக்குப் பிணைநாரில் முதலில் தென்படுவதும் பரவலாகக் காணப்படுவதும் இந்த நார்களின் ஒழுங்குக் குலைவே என்று எழுதியிருந்தார்கள். விழுந்து அடிபடாமலே, அறுவது போன்ற சம்பவம் ஒன்றும் நடக்காமலே, இது நடக்கிறது.

இன்னொரு மாற்றம், நம் வீடுகளில் அதிகம் பேச வேண்டியது. இரத்தத்திலுள்ள சீனி கொலாஜன் நார்களில் மெல்ல மெல்ல ஒட்டிக் கொள்கிறது. பாணைப் போறணையில் வைத்தால் மேலோடு சிவந்து விறைக்கிறதே, அதே வகை இரசாயன மாற்றம்தான் இது. போறணையில் சில நிமிடங்களில் நடப்பது, நம் உடம்புச் சூட்டில் பல வருடங்களாக நடக்கிறது. ஒட்டிய சீனி ஒரு நாரை மற்ற நாரோடு தேவையற்ற இடத்தில் பசை போட்டு ஒட்டிவிடுகிறது. நெளிவும் வழுக்கலும் போய் நார் விறைப்பாகிறது. எல்லோருக்கும் வயதோடு நடப்பதுதான். ஆனால் சீனி வருத்தத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டவர்களுக்கு இது வேகமாக நடக்கிறது. கண், சிறுநீரகம், கால் விரல் என்று மட்டுமே சீனி வருத்தத்தைப் பயப்படுகிறோம். மூட்டுக் கயிறும் அந்தப் பட்டியலில் உண்டு.

எவ்வளவு பலம் குறைகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1991இல் சாவியோ வூ என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும், இறந்தவர்களிடமிருந்து பெற்ற முழங்கால்களை ஒரு பொறியில் பூட்டி, முன் குறுக்குப் பிணைநார் அறும் வரை இழுத்தார்கள். 22 முதல் 35 வயது வரையானவர்களின் நார் அறுவதற்குச் சராசரியாக 2160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. அதாவது 220 கிலோ நிறையைத் தொங்கவிடும் அளவு. 40 முதல் 50 வயதுவரை, ஏறத்தாழ 150 கிலோ. 60 வயதைத் தாண்டியவர்களில் 67 கிலோ அளவிலேயே அறுந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு!

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு யாரும் பயந்து கட்டிலில் ஏற வேண்டாம். அவை இறந்தவர்களின் முழங்கால்கள். அவர்களில் எத்தனை பேர் கடைசிக் காலத்தில் மாதக் கணக்காய்ப் படுக்கையில் கிடந்தவர்களோ! படுக்கை நாரை என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அது மட்டுமல்ல, சாதாரணமாக நடக்கும்போது அந்தக் கயிற்றில் விழும் இழுவை 67 கிலோவை விடக் குறைவு. சுமையைத் தாங்க உயிருள்ள காலில் தசையும் இருக்கிறது. பொறியில் பூட்டிய காலில் தசை வேலை செய்யாது.

வயதுக்கு ஏற்றபடி முழங்காலில் பலவீனமான இடமும் மாறுகிறது. சிறு பிள்ளையின் முழங்கால் பலமாக முறுகினால் நார் தப்பி, அது பதிந்திருக்கும் எலும்புத் துண்டு பெயர்ந்து வரக்கூடும். ஏனென்றால் பிள்ளையின் எலும்பை விட நார் பலம். இளவயதில் எலும்பு முற்றிவிடுகிறது. அப்போது அறுவது நார். முதுமையில் நாரும் தளர்ந்து எலும்பும் பொருக்குத் தட்டிப் போவதால், ஒரு சின்ன விழுகையே எலும்பை உடைத்துவிடலாம்.

ராத்தாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஒருநாளும் விழவில்லை, அடிபடவில்லை. பிறகு எப்படி நார் தளர்ந்தது? தும்புக் கொடியை இரண்டு கம்பத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள். கொடி நீளவில்லை, ஆனால் ஒரு கம்பம் உட்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அப்போதும் கொடி தொய்யும் அல்லவா? முழங்காலின் உட்பக்கத்தில் கசியிழையம் தேய்ந்து எலும்புகளின் இடைவெளி குறையும்போது, அந்தப் பக்கத்துப் பிணைநார் அதே நீளத்தில் இருந்தும் தொய்வாகிவிடுகிறது. கால் மெல்ல வில் போல வளைகிறது. வளைந்ததும் வெளிப்பக்கத்து நாருக்கு இழுவை கூடி, அது நீளத் தொடங்குகிறது. நம் மூத்தம்மாமார் பலர் கால் வளைந்து, ஆடி ஆடி நடப்பதன் கதை இதுதான். தேய்வு தொய்வைக் கொண்டு வருகிறது; தொய்வினால் மூட்டு ஆடி மேலும் தேய்கிறது. எது முதலில் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

கயிறு என்று சொல்லிக் கொண்டே வந்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் இந்த உவமை போதாது. கொடிக் கயிற்றுக்கு உணர்ச்சியில்லை, பிணைநாருக்கு உண்டு. அதற்குள் மிக நுண்ணிய உணர் முனைகள் இருக்கின்றன. முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவை ஓயாமல் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் சேதி அனுப்புகின்றன. சேதி போனதும் தொடைத் தசை இறுகிக் காலைக் காப்பாற்றுகிறது. கண்ணை மூடிக் கொண்டு படி இறங்க முடிவதும் இதனால்தான். வயது போகப் போக மூட்டின் நிலையை உணரும் இந்தத் திறன் மங்குகிறது. சேதி சற்றுப் பிந்துகிறது. தசை சற்றுப் பிந்தி இறுகுகிறது. அந்தச் 'சற்று' நேரத்தில்தான் கால் விட்டுப் போகிறது. ராத்தா "சொல்லாமக் கொள்ளாம" என்றாரே, உடற்கூற்றுப் புத்தகம் எழுதுகிறவர்கூட அதை இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

பெண்களுக்கு இதில் கூடுதல் பங்கு இருக்கிறது. மாதவிடாயோடு தொடர்புடைய ஈஸ்ட்ரஜன் சுரப்பு, பிணைநாரிலுள்ள கலங்களோடும் பேசுகிறது. அதை ஏற்கும் இடங்கள் முன் குறுக்குப் பிணைநாரில் இருப்பது 1996இல் காட்டப்பட்டது. பிள்ளைத்தாய்ச்சிக் காலத்தில் நார்கள் இளகுவதை நாமெல்லோரும் அனுபவித்தவர்கள்தான். மாதவிடாய் நின்ற பிறகு முழங்கால் வருத்தம் ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. ஈஸ்ட்ரஜன் குறைவு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தொடைத் தசையின் பலம், உடம்பின் பருமன் இவையும் சேர்கின்றன.

இனி ஸ்கேன். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் முழங்காலை ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒரு பழுது எழுதித்தான் வரும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையான 991 பேருக்கு, வருத்தம் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். நான் மேலே சொன்ன பிறைத் தகட்டைத்தான் அதில் பார்த்தார்கள். ஐம்பதுகளிலுள்ள பெண்களிலேயே ஐந்தில் ஒருவர் அளவுக்குக் கிழிவு இருந்தது. எழுபதைத் தாண்டிய ஆண்களில் பாதிக்கும் மேல். கிழிவு இருந்தவர்களில் 61 வீதமானோருக்கு முந்திய ஒரு மாதத்தில் எந்த நோவும் விறைப்பும் இல்லை! தலைமுடி நரைத்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் யாரும் அதை வருத்தம் என்று எண்ணுவதில்லை. ஸ்கேன் கடதாசியில் எழுதியிருப்பதில் எது நரை, எது வருத்தம் என்று பிரித்துச் சொல்வது காலைத் தொட்டு, ஆட்டி, மடக்கிப் பார்க்கும் டொக்டரின் வேலை. கடதாசியை மட்டும் பார்த்து வீட்டார் தீர்ப்புச் சொல்வது நல்லதல்ல.

படுக்கைக்கு வருவோம்.

1970களில் ஃபிராங்க் நோயஸ் என்ற அமெரிக்க வைத்தியர் குரங்குகளை எட்டு வாரம் அசையவிடாமல் கட்டு போட்டு வைத்து, பிறகு அவற்றின் முன் குறுக்குப் பிணைநாரைச் சோதித்தார். கேட்கவே பாவமாக இருக்கிறது. ஆனால் அதில் தெரிந்தது பெரிய விஷயம். எட்டே வாரத்தில் நாரின் பலத்தில் 39 வீதம் போய்விட்டது. கட்டை அவிழ்த்து ஓட விட்ட பிறகும், ஐந்து மாதத்தில் முழுப் பலம் திரும்பவில்லை. கிட்டத்தட்டத் திரும்புவதற்கு ஒரு வருடம் ஆயிற்று. போவதற்கு இரண்டு மாதம், வருவதற்குப் பன்னிரண்டு மாதம். 

பிணைநார், இழுவையைக் கண்டால்தான் தன்னைத் திருத்திக் கொள்ளும். இழுவையே இல்லையென்றால், இனி இந்தக் கயிறு தேவையில்லைப் போலும் என்று உடம்பு அதைக் கழற்றத் தொடங்குகிறது. தொடைத் தசை இன்னும் வேகமாக வற்றுகிறது. ராத்தாவின் இரண்டு தொடையையும் சீலைக்கு மேலால் கையால் அளந்து பார்த்தேன். வலது தொடை மெலிந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. அன்போடு செய்த காரியம்தான், பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கயிறு தளர்ந்த காலுக்கு மிஞ்சியிருந்த துணை தசை ஒன்றுதான். ஐந்து மாத இருப்பு அதையும் கொண்டு போயிருந்தது.

அப்படியானால் எழும்பி ஓடலாமா? அதுவுமில்லை. திடீரென்று 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக் கொண்டாலோ, மூட்டு சிவந்து சுட்டுக் காய்ச்சலும் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே எண்ணெய் போட்டுத் தடவிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். எண்ணெய் தடவுவது தவறு என்று நான் சொல்லவில்லை. சூடாகத் தடவினால் சுற்றியுள்ள தசை இளகும், சுகமாக இருக்கும். மூட்டின் நடுவிலுள்ள குறுக்கு நாருக்கு அந்த எண்ணெய் போய்ச் சேராது, அவ்வளவுதான். மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கி விழுங்கும் நோவுக் குளிசைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: பிரஷர், சிறுநீரக வருத்தம், வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு அவை பெரிய கேடு செய்யும்.

அவசர அறிகுறிகள் இல்லாமல், ராத்தாவைப் போல் மெல்லத் தளர்ந்த முழங்காலுக்குத் தசைதான் மருந்து. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கிளினிக் டொக்டரிடம் கேட்டால் அனுப்புவார். ஒருமுறை அவர்களிடம் சரியாகக் காட்டிக் கொண்டு வந்துவிட்டால் மீதியை வீட்டிலேயே செய்யலாம். கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்குவது. ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. இலேசாகிவிட்ட பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம். அடுத்தது, கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பி, கையை ஊன்றாமல் மெதுவாக இருப்பது. எழும்புவதில் மட்டுமல்ல, மெதுவாக இருப்பதிலும் தொடைக்கு வேலை உண்டு. முதலில் உயரமான கதிரை. பிறகு சாதாரணக் கதிரை. அதற்குப் பிறகு தாழ்ந்த வாங்கு. பயிற்சிக்குப் பிறகு சிறு உளைச்சல் இருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் காலையில் மூட்டு வீங்கியிருந்தால் செய்தது கூடிவிட்டது என்று அர்த்தம்.

உணர் முனைகளுக்கும் பயிற்சி வேண்டும். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறதல்லவா? அடுப்படித் திண்ணையை இரண்டு விரலால் தொட்டுக் கொண்டு ஒரு காலில் நில்லுங்கள். பத்து எண்ணிய பிறகு மற்றக் கால். நாளடைவில் விரலையும் எடுத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் கால் நடுங்குவதைக் கண்டு சிரிப்பு வரும். அந்த நடுக்கம்தான் சேதி போய்வரும் அடையாளம்.

குசினியில் இன்னொன்றையும் கவனியுங்கள். அடுப்பிலிருந்து சட்டியைத் தூக்கியதும் பாதத்தைத் தரையிலேயே வைத்துக் கொண்டு உடம்பை மட்டும் திருப்புகிறோம். முன் குறுக்கு நாருக்கு மிகவும் பிடிக்காதது இந்த முறுக்கல்தான். சின்னச் சின்ன எட்டு வைத்துத் திரும்பப் பழக வேண்டும். வுளூ செய்யும்போது ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைக் கை கழுவும் தொட்டிக்குள் தூக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரத் தரை, முறுகிய முழங்கால், தேய்ந்த செருப்பு: மூன்றும் ஒன்று சேர்கின்றன. தாழ்ந்த இருக்கை ஒன்றும் குழாயும் வைத்துக் கொடுத்தால் எவ்வளவோ விழுகைகள் மிச்சம். வீட்டு ஆண்கள் ஒரு மாலை நேரத்தில் செய்து கொடுக்கக் கூடிய வேலை அது.

நிறையைப் பற்றி நீட்டி எழுதி யாருடைய மனத்தையும் நோகடிக்க விரும்பவில்லை. ஒரே ஒரு கணக்கு: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. 2005இல் அளந்து சொன்னது. இருபது கிலோ குறைக்க வேண்டும் என்று மலைத்து நிற்பவர்கள் இரண்டு கிலோவில் தொடங்கலாம்.

இனி ராத்தாவைக் கண் கலங்க வைத்த விஷயம். இயலாதவர் இருந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. யாருக்கு எப்போது அந்தச் சலுகை என்பதை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நான் காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுஜூதுக்குப் போவதும் எழும்புவதும் முழங்காலைப் பழுதாக்கும் காரியம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வீங்கிய, கடுமையாக நோகும் முழங்காலை வலிந்து முழுமையாக மடக்கி அதன் மேல் இருக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையில் நிறைய இடமிருக்கிறது. 'ஒரேயடியாகக் கதிரை' என்று முடிவெடுத்த நாளிலிருந்து முழங்கால் மடங்கும் அளவும் சுருங்கத் தொடங்குகிறது. பிறகு விரும்பினாலும் மடங்காது.

ராத்தாவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பி வைத்தோம். அங்கே கொடுத்த பயிற்சிகளை மருமகள் கடதாசியில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்து, ஒவ்வொரு நாளும் நினைவூட்டியிருக்கிறார். முதல் ஒரு மாதம் வித்தியாசமே தெரியவில்லை என்று சலித்துக் கொண்டார். இரண்டாம் மாதம், கட்டில் ஓரத்தைப் பிடித்துக் கொண்டு, கெட்டியான தலையணை மேல் முழங்காலை வைத்து எழும்பிப் பழகினார். பக்கத்தில் ஒரு கனத்த கதிரை, ஆடாதது. ஒரு கையை அதில் ஊன்றிக் கீழே போவது, ஊன்றி எழும்புவது. மூன்றாம் மாத முடிவில் ஒரு நாள் பகலில் தொலைபேசி வந்தது.

"இண்டைக்கு லுஹர்ல நெத்தி நெலத்துல பட்டிச்சு" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அத்தஹிய்யாத் இருப்பில் இன்னும் வலது காலை முழுவதும் மடக்க முடியவில்லை. சற்று நீட்டித்தான் இருக்கிறாராம். மாடிப்படி இறங்கும்போது எப்போதாவது கால் விட்டுப் போகப் பார்க்கிறது, ஆனால் இப்போது தொடை முந்திக் கொண்டு பிடித்துவிடுகிறது என்றார். ஸ்கேன் கடதாசியில் எழுதியிருந்த பழுது அப்படியேதான் இருக்கும். அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க நான் சொல்லவில்லை. வரும் மாதம் அவரது தம்பி மகளுக்குக் கலியாணமாம், அங்கும் சஹன்தானாம். கீழே இருக்கலாமா என்று கேட்டார். இருக்கலாம், சுவர் ஓரமாக இடம் பிடித்துக் கொள்ளுங்கள் என்றேன்.